டை கட்டிங் என்று நம்பி நான்கு மாத வருமானத்தை இழந்தேன்: ஓர் எச்சரிக்கை

அந்தப் பணம் இனித் திரும்பாது என்பது நேற்று மாலை உறுதியாகிவிட்டதால், கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். பிளாஸ்டிக் தகடுகளை டையில், அதாவது பாகத்தின் வடிவில் பிளேடு பதித்த அச்சை பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, வெட்டித் தரும் ஒரு பட்டறையிடம் என்னுடைய நான்கு மாத வருமானத்தை மொத்தமாக முன்பணம் கட்டி ஏமாந்திருக்கிறேன். பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை.

எனக்கு வேண்டியிருந்தவை கருவிப் பெட்டியின் முகப்பில் பொருத்தும் அக்ரிலிக் தகடுகள், 120 மி.மீ. நீளம், 2 மி.மீ. கனம், நான்கு மூலைகளிலும் திருகுத் துளைகள், மொத்தம் 4,000. இன்ஜெக்‌ஷன் மோல்டு (உருக்கிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி வார்க்கும் அச்சு) செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, "மோல்டுக்குப் போட்ட காசை எடுக்கவே உங்களுக்கு வருடக்கணக்காகும் சார், தட்டையான பாகம்தானே, ஸ்டீல் ரூல் டையே போதும்" என்றார் உரிமையாளர். அந்தப் பேச்சில் பாதி உண்மை இருந்ததுதான் என்னைக் கவிழ்த்தது. பிளைவுட் பலகையில் லேசரால் வெட்டிய தடத்துக்குள் எஃகு பிளேடை வளைத்துச் செருகிவிட்டால் டை தயார். மோல்டின் செலவில் அது ஒரு சிறு பங்குதான். ஃபோம், ரப்பர் கேஸ்கெட், பாலியெஸ்டர் ஃபிலிம், மெல்லிய பாலிகார்பனேட் போன்றவற்றுக்கு அது நல்ல முறை என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் நான் கேட்டது அக்ரிலிக். செலவைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிற மனிதர் நம்மை ஏமாற்றமாட்டார் என்று எண்ணிக்கொண்டு, பொருளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் இருந்துவிட்டேன்.

பிறகு ஒரு மாதிரித் தகட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓரம் கண்ணாடிபோல் மின்னியது. விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு பிசிறு இல்லை. "நம்ம டையில் வந்ததுதான் சார்" என்றார். அன்றே நான்கு மாத வருமானத்தையும் கட்டிவிட்டு வந்தேன்.

வந்து சேர்ந்த தகடுகளின் ஓரம் மங்கி வெளுத்திருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் துளையைச் சுற்றி மயிரிழைபோல் விரிசல்கள் தெரிந்தன. திருகை முறுக்கும்போது 'டிக்' என்ற ஓசையுடன் அந்த விரிசல் தகட்டின் விளிம்புவரை ஓடியது. முதலில் பொருத்திய 50 தகடுகளில் 19 இப்படிப் போயின. மீதியிலும் பலவற்றில் துளைகள் பெட்டியின் துளைகளோடு நேராக நிற்கவில்லை.

டையின் பிளேடு ஓர் ஆப்புபோல இறங்கிப் பொருளை இரு பக்கமும் தள்ளுகிறது. நெகிழும் பிளாஸ்டிக் விலகிக் கொடுக்கும், விறைப்பான அக்ரிலிக் உடையும். அதைத் தவிர்க்கத் தகட்டைச் சூடாக்கி வெட்டியிருக்கிறார்கள் என்பது அங்கே வேலை செய்பவர் வாய்தவறிச் சொன்னபோதுதான் தெரிந்தது. 120 மி.மீ. அக்ரிலிக் 50 டிகிரி ஆறினாலே ஏறத்தாழ 0.4 மி.மீ. சுருங்கும், சூடு ஒரே சீராக இல்லாவிட்டால் தகட்டுக்குத் தகடு அளவு மாறும். இதை எனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியவர் உரிமையாளர்தான்.

முறையிட்டபோது முதலில் "நீங்கள் திருகை அதிகமாக முறுக்கிவிட்டீர்கள்" என்றார், பிறகு "ஷீட் நீங்கள் சொன்ன கனத்தில்தானே வாங்கினோம்" என்றார், அதற்கும் பிறகு ஆபரேட்டர் விடுப்பில் இருப்பதாகவே பதில் வந்தது; மூன்று வாரம் ஓர் ஆபரேட்டர் விடுப்பில் இருக்கும் பட்டறையில் பிரஸ் மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்டதிலிருந்து தொலைபேசியை எடுப்பதில்லை. நேற்று நேரில் போனபோது, பாகங்களைக் கொடுத்தாகிவிட்டது, பணம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று வாசலிலேயே முடித்துக்கொண்டார். நான்கு மாத வருமானம்!

திரும்பும் வழியில் வேறொரு பட்டறைக்காரரிடம் அந்த மாதிரியைக் காட்டினேன். ஓரத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "இது லேசரில் வெட்டியதுங்க, உருகி ஆறினால்தான் அக்ரிலிக்கில் இந்த மினுமினுப்பு வரும்" என்றார். நான் உள்ளங்கையில் வாங்கி மெய்மறந்த அந்தத் தகடு எந்த டையையும் பார்த்ததே இல்லை.

விரிவான யோசனைகள் எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனம் இல்லை. மாதிரியை உங்கள் கண் முன்னாலேயே, உங்களுக்காகச் செய்த டையில் வெட்டச் சொல்லுங்கள். அதை ஆறவிட்டு அளந்து, திருகிட்டுப் பாருங்கள். ஏற்கத்தக்க அளவு வித்தியாசம் எவ்வளவு என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். டை யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் காசு கொடுத்த டையைக் கேட்டதற்கு, அது பட்டறையின் தொழில் ரகசியம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.