சிறுவயது மனக்காயத்துக்கு எது: இ.எம்.டி.ஆரா, உளப்பகுப்பாய்வா?

விபத்து, தாக்குதல் என்று ஒரே நாளில் நடந்து முடிந்த அதிர்ச்சி என்றால் இ.எம்.டி.ஆர். பக்கமே கை காட்டுவேன். அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாப்பிரோ 1987-இல் தொடங்கிய, கண்ணசைவைக் கொண்டு அதிர்ச்சி நினைவுகளைக் கையாளும் சிகிச்சை முறை. அந்த நினைவை மனதில் வைத்தபடி தெரபிஸ்டின் விரலசைவைக் கண்ணால் தொடர வேண்டும். பலருக்குச் சில மாதங்களில் வேலை முடிந்துவிடும்.

என் விஷயம் வேறு. இ.எம்.டி.ஆருக்குப் போய், எந்த நினைவிலிருந்து தொடங்கலாம் என்று அந்தத் தெரபிஸ்ட் கேட்டபோது, எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு சம்பவம்கூட இல்லை. அழுதாலும் யாரும் வரமாட்டார்கள் என்று பழகிப்போன வருடங்கள்தான் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தால் சின்னதாகத் தெரிந்து, சேரச் சேர ஆளையே மாற்றிவிடும் இந்த வகைக் காயத்தைப் பற்றி உளப்பகுப்பாய்வாளர் மசூத் கான் 1963-இலேயே எழுதியிருக்கிறார். எட்டு செஷனோடு நிறுத்திவிட்டு, ஃபிராய்டு தொடங்கிய உளப்பகுப்பாய்வின் வழிவந்த பேச்சு சிகிச்சைக்கு மாறினேன். வாரம் ஒருமுறை, இது மூன்றாவது வருடம்.

என்னை அங்கேயே இருக்க வைத்தது ஒரே விஷயம்: அந்த உறவில் விரிசல் விழும்போது என்ன நடக்கிறது என்பது. ஒருமுறை தெரபிஸ்ட் தன் விடுப்பைக் கடைசி நேரத்தில் சொன்னார். "பரவாயில்லை" என்றேன். அவர் திரும்பியபின் மூன்று வாரம் தொடர்ந்து தாமதமாகப் போனேன். அவர் அதைக் கவனித்துக் கேட்டார்: "என்மேல் கோபமா?" இல்லை என்று சாதித்தேன். கோபப்பட்டால் விட்டுப் போய்விடுவார்கள் என்ற பழைய பயம், இப்போது அவர்மேல் படிந்திருந்தது. டிரான்ஸ்ஃபரன்ஸ் என்பது இதுதான். அப்புறம் அவரே, "முன்பே சொல்லாதது என் தவறு" என்றார். அன்றுதான் எனக்கு அழுகை வந்தது. சிகிச்சையாளர் தன் தவற்றை ஒப்புக்கொள்வதே நம்பிக்கையை உண்டாக்கும் என்று ஃபிராய்டின் சகாவான ஃபெரென்சி 1932-இல் சொன்னதைப் பின்னால் படித்தபோது, அந்த மாலைதான் நினைவுக்கு வந்தது.

வாரம் நான்கைந்து நாள் சோஃபாவில் படுத்துப் பேசும் முழு உளப்பகுப்பாய்வில் எனக்கு அனுபவம் இல்லை. எட்டு செஷனை வைத்து இ.எம்.டி.ஆரை எடைபோடுவதும் நியாயமாகாது. சிறுவயதுக் காயத்துக்கு அதிலும் நீண்ட ஆயத்தக் கட்டம் உண்டு. எதுவும் பேசாமலே உட்கார்ந்திருக்கும் பகுப்பாய்வாளர் என்றால் எங்களைப் போன்றவர்களுக்குப் பழைய தனிமையே திரும்ப வரும். அதனால் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: "உங்கள்மேல் எனக்கு வருத்தம் வந்தால் அதை இங்கே பேசலாமா?"