மணாலியில ஃபோர் பை ஃபோர் வாடகைக்கு எடுக்கறவங்க கவனத்துக்கு: 46,000 ரூபாய் போச்சு

வாடகை 26,000, டெபாசிட் 20,000. மொத்தம் 46,000 ரூபாய். நேத்து ராத்திரிதான் கோயம்புத்தூர் வந்து இறங்கினோம். இன்னிக்குக் காலையில "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது"னு மெசேஜ் வந்திருக்கு. அந்தக் கொதிப்பு அடங்கறதுக்குள்ள எழுதிடறேன். ஹிமாச்சல்ல இருக்கற ஸ்பிதி பள்ளத்தாக்குக்கு வண்டி எடுத்து நீங்களே ஓட்டிட்டுப் போகணும்னு ஆசை இருக்கறவங்க முழுசாப் படிங்க. வண்டியை வாங்கும்போது எதையெல்லாம் பாக்கணும்னு கடைசியில சொல்றேன்.

மணாலி, அடல் டனல், கிராம்பூ, சத்ரு, பாத்தல், குன்சும் கணவாய், காசா. இதுதான் நாங்க போட்ட ரூட். 2020-ல டனல் திறந்தப்புறம் ரோதாங் கணவாய் ஏறாமலே அந்தப் பக்கம் போயிடலாம். கஷ்டமெல்லாம் கிராம்பூவுல ஆரம்பிக்குது. அங்கிருந்து பாத்தல் வரைக்கும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், பெரும்பாலும் உருண்டைக் கல்லும் சேறும்தான். பாதி நாள் அதுலயே போயிடும். நடுநடுவுல பாதைக்குக் குறுக்கே 'நாலா', அதாவது ஓடை, ஓடும். பனி உருகி வர்ற தண்ணி அது. காலையில கணுக்கால் அளவுதான் இருக்கும், வெயில் ஏற ஏற மதியத்துக்குமேல முழங்காலைத் தாண்டிடும். போன் சிக்னலும் கிடையாது. உள்ளூர் டிரைவருங்க சாதா சுமோவுலயே போயிடறாங்க, அவங்க கைப்பழக்கம் வேற. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு நாலு சக்கரமும் இழுக்கற ஃபோர் பை ஃபோர் வண்டி வேணும். அதுக்காகத்தான் கூடுதலா காசு கொடுத்தோம்.

வண்டி ஓனரையும் வாடகைக்குக் கேக்கறவங்களையும் சேர்த்து வைக்கற ஒரு ஆப்லதான் புக் பண்ணினேன். பேரை இப்போ போடல, புகார் கொடுக்கற வரைக்கும் வேணாம்னு வக்கீல் நண்பர் சொல்லிட்டாரு. மஹிந்திரா தார், ஃபோர் பை ஃபோர், வாடகை வண்டிக்கான கறுப்பு நம்பர் பிளேட் போட்ட போட்டோ. வாடகை 26,000 ஆப்லயே கட்டியாச்சு.

சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்த ஆள் அவ்வளவு மரியாதை. என் மனைவியை "தீதி", என்னை "சார்ஜி"ன்னுதான் கூப்பிட்டான். டீ வாங்கிக் கொடுத்தான். மண்ணுல முட்டி போட்டு உக்காந்து ஒவ்வொரு டயரா பட்டன் ஆழத்தைக் காட்டினான். வந்தது வெள்ளை நம்பர் பிளேட். ஏன்னு கேட்டேன். "கறுப்பு பிளேட் வண்டி சர்வீஸ்ல இருக்கு சார்ஜி, இது ஓனரோட சொந்த வண்டி, அதைவிட நல்லா வச்சிருப்பாரு"ன்னான். என் மச்சான் நாலு சக்கரத்துக்கும் சக்தி போக வைக்கற ஃபோர் ஹை லீவரைப் போட்டுப் பாக்கப் போனப்ப கையைப் பிடிச்சுத் தடுத்து, "தார் ரோட்டுல போடாதீங்க, கியர் போயிடும், மேல போய் மண்ணு வந்தப்புறம் போடுங்க"ன்னு சொன்னான். கவனிங்க, அவன் சொன்னது உண்மையான விஷயம். இந்த மாதிரி வண்டியில காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டுத் திரும்பக் கூடாது. அந்த உண்மையை வச்சே எங்களை டெஸ்ட் பண்ண விடாம செஞ்சிருக்கான். டெபாசிட் 20,000 அவன் சொன்ன நம்பருக்கு ஜிபே பண்ணினோம்.

சத்ருவுக்கும் பாத்தலுக்கும் நடுவுல இருக்கற சோட்டா தரா தாண்டி ஒரு நாலா. நாலு சக்கரமும் மெதுவா, கூடுதல் இழுவையோட சுத்தற ஃபோர் லோ போட்டேன், டாஷ்போர்டுல விளக்கு எரிஞ்சுது, இறக்கினேன். பாதித் தண்ணியில நின்னுடுச்சு. பின்சக்கரம் ரெண்டும் கல்லை வாரி அடிக்குது, முன்சக்கரம் அசையவே இல்லை. தண்ணி கதவுக்கு ஏறுது, என் மனைவி பையைத் தலைமேல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. பின்னாடி வந்த டிப்பர்காரர் சங்கிலி போட்டு இழுத்தாரு. அவரு புண்ணியத்துலதான் இன்னிக்கு இதை எழுதறேன்.

கரைக்கு வந்ததும் காசா டாக்ஸி டிரைவர் ஒருத்தர் அடியில படுத்துப் பாத்துட்டு, "ஆகே கா ஷாஃப்ட் ஹி நஹி ஹை"ன்னாரு, அதாவது இன்ஜின் சக்தியை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோற தண்டே இல்லையாம். நானும் குனிஞ்சு பாத்தேன். பின்பக்கம் போற ஷாஃப்ட் இருக்கு. முன்பக்கம் போக வேண்டியது இல்லவே இல்லை. அது மாட்டற ஃபிளாஞ்சு மட்டும் மொட்டையா இருக்கு, போல்ட் ஓட்டைகள்ல கறுத்துக் காஞ்ச கிரீஸ். ஜாயின்ட் தேஞ்சு சத்தம் வந்தா, மாத்தற செலவை மிச்சம் பிடிக்கக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டறவங்க உண்டாம். லீவர் விழும், விளக்கு எரியும், ஆனா முன்சக்கரத்துக்குச் சக்தியே போகாது. இதைத் தெரிஞ்சே ஒரு குடும்பத்தைப் பனித்தண்ணிக்குள்ள அனுப்பியிருக்கான்.

அங்கிருந்தே மணாலிக்குத் திரும்பிட்டோம். காசாவும் பாக்கல, குன்சுமும் பாக்கல.

வண்டியை எடுத்துட்டுப் போக வேற ஒரு பையன் வந்தான், "எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னான். டீ வாங்கிக் கொடுத்தவனுக்குப் போன் போட்டா, "நீங்கதான் தண்ணியில இறக்கி ஷாஃப்ட்டை விட்டுட்டீங்க, டெபாசிட் கிடையாது"ங்கறான். நாலு போல்ட்டும் நாலாவுல தானாக் கழண்டு போகுமாங்க? கிரீஸ் எப்படிக் காயும்? ஓனர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். கஸ்டமர் கேர்ல பாட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு, கடைசியா ஒரு பொண்ணு எடுத்து, "உரிய குழுவுக்கு அனுப்பியிருக்கோம் சார்"னு சொன்னாங்க. அப்புறம் மெயில்: நாங்க இடைத்தரகர் மட்டும்தான், வண்டியோட நிலைமைக்கு ஓனரே பொறுப்பு, டெபாசிட் எங்க மூலமா வரல. போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன், திறந்து பாத்த மாதிரியே தெரியல. இன்னிக்கு முடிச்சே வச்சுட்டாங்க. 46,000 ரூபாய், ஒரு மன்னிப்புகூடக் கிடையாது.

சரி, சொன்ன மாதிரி செக் பண்ண வேண்டியது. கறுப்பு பிளேட்டுல மஞ்சள் எழுத்து இல்லாத வண்டியைத் தொடாதீங்க, வாடகைக்கு விட்ட சொந்த வண்டிக்கு விபத்துன்னா இன்ஷூரன்ஸ் கைவிரிக்க வாய்ப்பு இருக்கு. டார்ச் அடிச்சு அடியில பாருங்க, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு, ரெண்டு ஷாஃப்ட் இருக்கணும். மண் தரையில ஃபோர் வீல் போட்டு ஸ்டியரிங்கை முழுசாத் திருப்பி மெதுவா நகத்துங்க, வண்டி இறுக்கிப் பிடிச்சுத் திணறணும். திணறாம சுலபமாத் திரும்பினா முன்சக்கரம் இழுக்கலன்னு அர்த்தம். ஆப்புக்கு வெளியில ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க. ஏமாந்தவங்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் பதிவு பண்ணுங்க. நாம குடியிருக்கற ஊர் நுகர்வோர் ஆணையத்துலயே வழக்குப் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல அதுக்கு வழி இருக்கு.

இன்னும் நிறைய இருக்கு, இப்போ பேப்பரெல்லாம் எடுத்துட்டு வக்கீலைப் பாக்கக் கிளம்பணும். மணாலியில இதே மாதிரி ஷாஃப்ட் இல்லாத வண்டி யாருக்காவது கொடுத்திருந்தா, போட்டோவோட எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்தே புகார் கொடுப்போம்.