கோடை லேப்: காசு கட்டிப் போவதா, காசு வாங்கிக்கொண்டு போவதா?

பிப்ரவரி பிறந்தால் போதும், பயோடெக் படிக்கும் பிள்ளைகளின் வாட்ஸ்ஆப் குழுக்களில் விளம்பரம் வந்து விழும்: 15 நாள் மாலிகுலர் பயாலஜி டிரெய்னிங், சர்டிபிகேட் உண்டு, முதலில் வருவோருக்குச் சலுகை. நம்மிடம் காசு வாங்காமல் உதவித்தொகையும் கொடுத்து இரண்டு மாதம் லேபில் வைத்துக்கொள்ளும் இந்திய அறிவியல் அகாடமிகளின் கோடை ஃபெல்லோஷிப்புக்கோ, முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பம் முடிந்திருக்கும். பாதிப் பேர் காசு கட்டுவது இதனால்தான்.

நான் இரண்டிலும் இருந்தவன். கட்டணப் பயிற்சியில் நாளுக்கு ஒரு டெக்னிக். திங்கள் டிஎன்ஏ பிரிப்பு, செவ்வாய் பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல லட்சம் பிரதிகளாக்குவது), புதன் ஜெல் (அந்தத் துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துப் பார்ப்பது). எட்டுப் பேருக்கு ஒரு பைப்பெட் (துளியளவுத் திரவத்தை அளந்து எடுக்கும் கருவி). எல்லாருக்கும் ஜெல்லில் பேண்ட், அதாவது டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் கோடு, பளிச்சென்று வந்தது. வராமல் எப்படிப் போகும்? பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு), வெப்பநிலை, அளவு எல்லாம் முன்பே பலமுறை ஓட்டிச் சரிபார்த்து வைத்தவை. பிசிஆர் தெரியும் என்று ரெஸ்யூமேயில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த கோடையில் அகாடமி ஃபெல்லோஷிப் கிடைத்து பெங்களூரு போனேன். முதல் ஜெல்லில் லேடர் (அளவை ஒப்பிடப் போடும் டிஎன்ஏ கலவை) மட்டும் ஒளிர்ந்தது, என் மாதிரிகள் ஓடிய வரிசைகள் அத்தனையும் இருட்டு. மறுநாளும் அதே. டெம்ப்ளேட்தான் (நகலெடுக்கப் போட்ட டிஎன்ஏ) கெட்டுவிட்டது என்று டிஎன்ஏவை மறுபடி மறுபடி பிரித்தே ஒரு வாரத்தைத் தொலைத்தேன். கடைசியில் பக்கத்து பெஞ்சு பிஎச்டி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பாசிட்டிவ் கண்ட்ரோல் எங்கப்பா?" என்றார். கட்டாயம் பேண்ட் தரும் என்று தெரிந்த ஒரு மாதிரியைக் கூடவே ஓட்டுவதுதான் அது. நான் போடவே இல்லை. பயிற்சியில் அதை யாரோ போட்டு வைத்திருந்தார்கள், எதற்கு என்று நான் கேட்டதில்லை. போட்டுப் பார்த்தால் அதுவும் வரவில்லை. அப்படியானால் கோளாறு டெம்ப்ளேட்டில் இல்லை, கலவையில். டிஎன்டிபி (புது டிஎன்ஏ கட்டத் தேவையான மூலப்பொருள்) குழாயைப் பலமுறை உறையவைத்து உருக்கியதில் அது வீணாகியிருந்தது. புதிய குழாய் திறந்த அன்று மாலையே பேண்ட் வந்தது.

15 நாள் பயிற்சியில் இப்படி ஒரு வாரத்தைத் தொலைக்க இடமே கிடையாது. ஒரு ஜீனை குளோன் செய்ய எல்லாம் சரியாகப் போனாலே ஒரு வாரம் பிடிக்கும். ஒருமுறை சறுக்கினால் இரண்டாகும், மூன்றாகும். இரண்டு மாதத்தை நான் பெரிதாகச் சொல்வது அதற்காகத்தான்.

ஃபெல்லோஷிப்பிலும் குறை உண்டு. சேரும் இடத்தில் ஹாஸ்டல் கிடைக்காவிட்டால் உதவித்தொகையில் பெரும்பகுதி பி.ஜி. வாடகைக்கே போய்விடும், எனக்கு அப்படித்தான் போனது. கைடு ஊரில் இல்லாத கோடையாக அமைந்தால் பக்கத்து அக்காதான் கதி.

அமெரிக்காவின் ஆர்இயூ (இளநிலை மாணவருக்கான கோடை ஆராய்ச்சி) திட்டத்தைப் பார்த்து ஏங்குவோருக்கு ஒரு வரி: என்எஸ்எஃப் எனும் அந்நாட்டு அரசின் அறிவியல் நிதி அமைப்பின் பணத்தில் நடப்பது, பொதுவாகப் பத்து வாரம், ஆனால் அந்நாட்டுக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் 1959 முதல் நடக்கும் கோடைத் திட்டத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, போட்டி மட்டும் கடுமை. பின்னாளில் நோபல் வாங்கிய டேவிட் பால்டிமோர் அதன் முதல் கோடை மாணவர்களில் ஒருவர்.

யாரும் கண்டுகொள்ளாத மூன்றாவது வழி, சொந்தக் கல்லூரிப் பேராசிரியரின் லேப். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையான டிபிடியின் ஸ்டார் காலேஜ் திட்டத்தில் உள்ள கல்லூரி என்றால் கருவிகள் ஓரளவு இருக்கும், லீவில் பூட்டித்தான் கிடக்கும். அகாடமிக்கு விண்ணப்பிக்க ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஒரு கோடை கூடவே நின்று வேலை பார்த்த பையனைப் பற்றி அவரால் நாலு வரி உருப்படியாக எழுத முடியும்.

கல்லூரியில் மைக்ரோபைப்பெட்டையே கையில் தொடாதவர் என்றால் கட்டணப் பயிற்சிக்குப் போகலாம், தப்பில்லை. பணம் கட்டும் முன் இரண்டைக் கேளுங்கள்: ஒரு பைப்பெட்டுக்கு எத்தனை பேர்? பேண்ட் வராவிட்டால் மறுநாள் திரும்பச் செய்ய விடுவீர்களா?