நான்கு வருட ஆம்ப்: மிருதங்கம் அருமை, உறுமல் தாங்கவில்லை

குடியாத்தத்தில் இருக்கும் நண்பர் நேற்று போன் செய்து, "உங்ககிட்ட இருக்கிற அதே பவர் ஆம்ப் விலை இறங்கியிருக்கு, வாங்கட்டுமா?" என்று கேட்டார். பாட்டின் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டிதான் அது. என்னுடையது ரிப்பேர் முடிந்து சத்துவாச்சாரி வீட்டுக்குத் திரும்பி நான்கு நாள்தான் ஆகிறது, எனக்கு உடனே பதில் வரவில்லை. எழுதியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வாட் கணக்கை விடுங்கள். நம் இருவரிடமும் இருக்கும் டவர் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பதற்கு 85 டெசிபல் என்று போட்டிருப்பது 2.83 வோல்ட் கொடுத்தால். அந்த ஸ்பீக்கரின் மின்தடையான 4 ஓமில் அது 2 வாட் ஆகிறது, அப்படியானால் ஒரு வாட்டுக்கு 82 டெசிபல்தான். போதாததற்கு பேஸ் வரும் இடத்தில் இது 3 ஓம் பக்கம் இறங்கும், அதாவது ஆம்பிடம் அதிக கரண்ட் கேட்கும். என் பழைய 80 வாட் ரிசீவர் அங்கேதான் திணறி, சத்தம் கூட்டினால் புரொடெக்‌ஷனுக்குப் போய்விடும், அதாவது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். இந்த ஆம்ப் 200 வாட், சத்தத்தில் பார்த்தால் வெறும் 4 டெசிபல் கூடுதல். ஆனால் 4 ஓமில், 8 ஓமில் தருவதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தருகிறது, கரண்டுக்குப் பஞ்சமில்லை. மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், கையை அழுத்தி நகர்த்தி கும்கி இழுக்கும்போது முன்பு மொத்தையாக ஒரு சத்தம் வரும், இப்போது கை தோலில் அழுந்தி நகர்வதே கேட்கிறது. நான்கு வருடமாகியும் அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அப்புறம் அந்த உறுமல். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டாலும் பெட்டிக்குள்ளிருந்து "ம்ம்ம்" என்று வரும், அதாவது டிரான்ஸ்ஃபார்மரே அதிர்கிறது. எர்த் மாற்றினேன், ஸ்டெபிலைசர் வாங்கினேன், எதுவும் உதவவில்லை. ஒரு வருடம் கழித்துத்தான், மகள் ஹேர் டிரையரைக் குறைந்த வேகத்தில் போடும் நேரத்தில் உறுமல் ஏறுவதைக் கவனித்தேன். சில டிரையர்களில் அந்த வேகத்துக்கு ஒரு டையோடு பாதி அலையை வெட்டிவிடும், அதனால் லைனில் கொஞ்சம் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், கலக்கும், இந்த ஆம்பில் உள்ள டொராய்டு என்ற வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மருக்கு அது கொஞ்சமும் ஆகாது. அந்த டிசியைத் தடுக்கும் டிசி பிளாக்கர் ஒன்றை வெளியே மாட்டியதும் பாதி அடங்கியது. மீதி, பக்கத்து வீடுகளில் என்ன ஓடுகிறதோ அதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. சில கெபாசிட்டரும் ஒரு டையோடு பிரிட்ஜும்தான் அந்த பிளாக்கர், இவ்வளவு விலைக்கு விற்பவர்கள் அதை உள்ளேயே வைக்காததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ரிப்பேர் சின்னதுதான். சத்தம் குறைத்துக் கேட்டால் இடது பக்கம் காணாமல் போகும், கூட்டினால் திரும்பி வரும். ஸ்பீக்கரை ஆம்போடு இணைக்கும் சுவிட்சான ரிலேயின் முனைகள் கறுத்திருந்தன, மாற்றியாயிற்று. ஆனால் மே மாத வேலூர் வெயிலில் இதை மூடிய அலமாரிக்குள் வைத்தது என் தவறு, மேல்பக்கம் ஒரு சாண் இடமாவது விடுங்கள். கெபாசிட்டர்களுக்கு ஒவ்வொரு 10 டிகிரி சூடும் ஆயுளில் பாதியைத் தின்னும்.

வாங்கலாமா என்றால், வேண்டாம். உங்கள் வீடு தெருவிலிருந்து தள்ளி இருக்கிறது, ராத்திரி அங்கே அவ்வளவு அமைதி, இந்த உறுமல் உங்களைத் தூங்கவிடாது. என்னுடையதைக் கொடுக்கிறீர்களா என்று கேட்டால், அதுவும் மாட்டேன். சந்தேகமாக இருந்தால் ராத்திரி பத்து மணிக்கு மேல் வாங்க, ஃபேனை நிறுத்திவிட்டு முதலில் பெட்டியை மட்டும் கேட்கலாம், பிறகு மிருதங்கம் போடுகிறேன்.