மொரீஷியஸ் வழியா, மாலத்தீவு வழியா? ஒரே தொழிலை நம்பின ஊர்லேர்ந்து ஒரு அலசல்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வளந்தவங்களுக்கு இத யாரும் புதுசா சொல்லித்தர வேணாம், ஐரோப்பால ஷூ ஆர்டர் குறைஞ்சா இங்க கம்பெனில ஓவர்டைம் நிக்கும், அடுத்த மாசமே மளிகைக் கடைல பாக்கி ஏறும். சின்ன தீவு நாடுங்களுக்கும் அதே பிரச்சினைதான், ஆனா நம்மள மாதிரி ராத்திரி பஸ் ஏறி சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலை தேடிப் போற வசதி அவங்களுக்கு இல்ல.

முதல்ல மொரீஷியஸ். சுமார் 2,040 சதுர கிலோமீட்டர், பிரிச்ச பிறகு இருக்கிற நம்ம வேலூர் மாவட்டம் அளவுன்னு வச்சுக்கோங்க, ஜனம் 12 லட்சத்துக்கு மேல. ரூபா நோட்டுல தமிழ் எழுத்து இருக்கும். 1968-ல சுதந்திரம் வாங்கறப்ப கரும்பு தவிர ஒண்ணும் கெடயாது. பிற்பாடு நோபல் வாங்கின ஜேம்ஸ் மீட்ங்கற பொருளாதார நிபுணரே 60-கள் தொடக்கத்துல, ஜனம் இந்த வேகத்துல பெருகினா இந்தத் தீவுக்கு நல்ல காலம் கஷ்டம்தான்னு எழுதினாரு. அவங்க என்ன செஞ்சாங்கன்னா 1970-ல ஏற்றுமதிக்குன்னு தனி சட்டம் போட்டு வரிச்சலுகை குடுத்தாங்க, ஹாங்காங் முதலாளிங்க வந்து துணி கம்பெனி போட்டாங்க, இன்னொரு பக்கம் 1975 ஒப்பந்தத்துல ஐரோப்பா அவங்க சர்க்கரைய பெரும்பாலும் உலக விலைய விட அதிகமா குடுத்து வாங்குச்சு. அந்தக் காசுலதான் விஷயமே இருக்கு. கரும்பு முதலாளிங்க அத எடுத்து துணி கம்பெனிலயும் ஓட்டல்லயும் போட்டாங்க, அதுவரைக்கும் வீட்டோட இருந்த பொம்பளைங்க ஆயிரக்கணக்குல தையல் மெஷின் முன்னாடி உக்காந்தாங்க, நம்ம ஆம்பூர் ஷூ கம்பெனிங்கள்ல இருக்கிற மாதிரியே. 80-கள் முடியறப்ப வேலைக்கு ஆள் கிடைக்கலங்கற நிலை. எந்த நாடு எவ்ளோ துணி அனுப்பலாம்னு இருந்த கோட்டா 2005-ல போச்சு, அடுத்து ஐரோப்பா சர்க்கரை விலைய 36% வெட்டுச்சு, அடி பலம்தான், ஆனா அதுக்குள்ள டூரிஸம், பேங்கிங் எல்லாம் காலூனி நின்னுடுச்சு.

மாலத்தீவு வேற மாதிரி. 1972-ல முதல் ரிசார்ட், அங்கேர்ந்து ஒரே பாய்ச்சல், 2011-ல ஐ.நா.வோட ரொம்ப ஏழை நாடுங்க லிஸ்ட்லேர்ந்தே வெளிய வந்துட்டாங்க. அத குறைச்சு பேச எனக்கு மனசு வரல. ஆனா நிக்கறது ஒரே கால்ல. 2020-ல கொரோனா வந்தப்ப மொரீஷியஸ் பொருளாதாரம் 15% மாதிரி சுருங்குச்சு, மாலத்தீவு மூணுல ஒரு பங்கு காலி. ஒரே வருஷம், ஒரே நோய், ரெண்டு பேருமே டூரிஸ்ட்ட நம்பினவங்க, வித்தியாசம் பாருங்க.

எல்லாத்தையும் அவங்க தப்புன்னும் சொல்ல முடியாது. சுமார் 1,190 குட்டித் தீவு, அதுல 200-க்கும் கம்மியான தீவுலதான் ஊர்க்காரங்க வாழறாங்க, ஒவ்வொண்ணுக்கும் தனி ஜெனரேட்டர், தனி ஸ்கூல், தனி ஆஸ்பத்திரி, தனி படகுத்துறைன்னா செலவு எங்க போய் நிக்கும்! 2014 டிசம்பர்ல தலைநகர் மாலேல கடல் தண்ணிய குடிதண்ணியாக்குற பிளான்ட்ல தீப்பிடிச்சு லட்சம் பேருக்கு மேல குழாய்ல சொட்டு தண்ணி இல்லாம போச்சு, இந்தியா ஃபிளைட்லயும் கப்பல்லயும் தண்ணி அனுப்புச்சு. பாலாறு வறண்டு குடத்தோட நின்ன நமக்கு அந்தக் கஷ்டம் புரியும். மீன் இருக்கே, அத ஏன் வளக்கலன்னு கேக்கலாம். தூண்டில் போட்டு பிடிக்கிற சூரை மீனுக்கு நல்ல பேரு இருக்கு, ஆனா ஏழை நாடு லிஸ்ட்லேர்ந்து வெளிய வந்ததால ஐரோப்பால இருந்த வரிச்சலுகை 2014-ல போயிடுச்சு, முன்னேறினதுக்கு தண்டனை மாதிரி. இது அநியாயம்.

ஒரே தொழில நம்பினா என்ன ஆகும்னு காட்ட, பசிபிக் கடல்ல இருக்கிற நவ்ரு பத்தி ஒரு வரி போதும்: 21 சதுர கிலோமீட்டர் தீவு, உரத்துக்குப் போற பாஸ்பேட் வெட்டி 70-கள்ல உலகத்துலயே பணக்கார ஜனங்கள்ல ஒருத்தரா இருந்தாங்க, இருப்பு பெரும்பாலும் தீர்ந்துச்சு, நடுத்தீவு தோண்டிப்போட்ட பாறையா கிடக்கு.

என் ஓட்டு மொரீஷியஸுக்குதான். காசு வர்ற காலத்துலயே அடுத்த தொழிலுக்கு விதை போட்டாங்க, 1977-லயே செகண்டரி ஸ்கூல் வரைக்கும் ஃபீஸ எடுத்துட்டாங்க. அதுக்காக அங்க எல்லாம் ஒழுங்குன்னு இல்ல, கடன் அதிகம், ஜனம் வயசாயிட்டு வருது, இந்தியாவோட இருந்த வரி ஒப்பந்தத்த 2016-ல மாத்தினதுக்கு அப்புறம் மொரீஷியஸ் வழியா இந்தியாவுக்கு வர்ற முதலீட்டுப் பணத்துக்கு பழைய சலுகை இல்ல.

மாலத்தீவு அப்படியே காப்பி அடிக்க முடியாது, கம்பெனி போட அவங்களுக்கு நிலமே இல்ல. அவங்க செய்யக்கூடியது டூரிஸ்ட் காசு ஊருக்குள்ள இறங்குற மாதிரி பண்றது. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்டுன்னா வந்தவன் சாப்பாடு, தூக்கம், குளியல் எல்லாம் வேலிக்குள்ளயே, அரிசிலேர்ந்து ஆப்பிள் வரைக்கும் இறக்குமதி. நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் வாங்க, மேற்கு வங்காளம், அசாம்லேர்ந்து வர்றவங்க ஆஸ்பத்திரிக்கு வெளிய காந்தி ரோடு லாட்ஜ்ல தங்கி, பெங்காலில போர்டு எழுதின மெஸ்ல மீன் சோறு சாப்பிட்டு, ஆட்டோ பிடிச்சு கோட்டைய பாக்கறாங்க, ஒரு நோயாளியோட காசு பத்து குடும்பத்துக்குப் போகுது. மாலத்தீவுல 2009-க்கு அப்புறம் ஜனம் வாழற தீவுங்கள்லயே கெஸ்ட்ஹவுஸ் நடத்த விட்டாங்க, மாஃபுஷி மாதிரி தீவுல சாதாரண குடும்பங்களே ரூம் வாடகைக்கு விடறாங்க. புது ரிசார்ட்டுக்கு தீவ ஏலம் விடறத விட இந்த கெஸ்ட்ஹவுஸ்காரங்களுக்கு லோனும், தீவுக்குத் தீவு ஒழுங்கான படகு சர்வீஸும் குடுத்தா நல்லது.