ஈக்விலேப்: ஆல்-இன் போட்டது சரியா என்று கேட்டால்

ஈக்விலேப் ஓர் இலவச மென்பொருள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடும். போக்கர் சீட்டாட்டத்தில் ஒரு கைக்கு, அதாவது ஒருவரிடம் உள்ள இரண்டு சீட்டுக்கு, ஜெயிக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்லும். எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சாயத்து வேலையும் உண்டு. அந்த வேலையை அது பாதிதான் செய்யும்.

நாங்கள் காசு வைத்து ஆடுவதில்லை, புளியங்கொட்டைதான். ஆனாலும் சண்டை வரும். போன வாரச் சண்டை இது: ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக மேஜையில் விரிக்கும் முதல் மூன்று சீட்டில், ஹார்ட் கிங், ஹார்ட் 9, ஸ்பேடு 4. நடுவில் சேர்ந்த பந்தயம் (பாட்) 60 கொட்டை, ஆளுக்குக் கையில் மிச்சம் 160. என்னிடம் கிளப்ஸில் கிங்கும் குயினும். 40 வைத்தேன். என் கொழுந்தனார் யோசிக்கவே இல்லை, 160-ஐயும் உள்ளே தள்ளிவிட்டார், அதுதான் ஆல்-இன். அவரிடம் ஹார்ட்டில் ஏஸும் 5-ம், ஜோடி கூட இல்லை, இன்னொரு ஹார்ட் வந்தால் ஐந்து ஹார்ட் சேரும் என்பதுதான். நான் கால் செய்தேன், அதாவது சமமாகப் போட்டேன். அடுத்த இரண்டு சீட்டிலும் அவருக்கு ஒன்றும் வரவில்லை. "கொழுப்பு" என்று எல்லோரும் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.

இரண்டு கையையும் ஃப்ளாப்பையும் ஈக்விலேப்பில் கொடுத்தேன். அவருக்கு 46 சதவீதம்! இதற்கு மேல் மென்பொருள் வாய் திறக்காது, நாம்தான் பேப்பர் எடுக்க வேண்டும். கால் செய்தால் பாட் 380. அதில் 46 சதவீதம் கிட்டத்தட்ட 175. அவர் போட்டது 160. அதாவது நான் ஒருமுறை கூட ஃபோல்ட் செய்யாவிட்டாலும் (சீட்டைப் போட்டுவிட்டு விலகாவிட்டாலும்) அந்த ஆட்டம் அவருக்குச் சராசரியாக 15 கொட்டை லாபம். நான் ஃபோல்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் அவருக்கு 100 கொட்டை சும்மா கிடைக்கும். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் சொல்கிறேன், அதில் கொழுப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் என் சீட்டு அவருக்குத் தெரியாதே? அதற்குத்தான் ஈக்விலேப்பில் 169 கட்டம் உள்ள பலகை இருக்கிறது. எதிராளியிடம் இருக்கக்கூடிய கைகளையெல்லாம் கட்டம் கட்டமாகத் தேர்ந்தெடுக்கலாம். என்னிடம் இரண்டு 9 இருந்து, மேஜையில் உள்ளதோடு மூன்று 9 ஆனால் அவர் வாய்ப்பு ஏறக்குறைய கால்வாசியாக இறங்கிவிடும். அப்படிப்பட்ட கையோடு மட்டுமே நான் கால் செய்வேன் என்றால், ஐந்துக்கு இரண்டு முறையாவது நான் ஃபோல்ட் செய்தால்தான் அவருக்குக் கட்டும். இந்தப் பலகையை மிகவும் ரசிக்கிறேன், ஆனால் தில்லுமுல்லுக்கும் இடம் இதுதான். தோற்றவர் எதிராளியிடம் குப்பைக் கைகளை நிரப்பினால் தன் ஆட்டம் தங்கமாகத் தெரியும். அதனால் எங்கள் வீட்டில் ஆடாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் கட்டங்களைத் தேர்ந்தெடுப்பார்.

2003 போக்கர் உலகத் தொடரின் கடைசிக் கட்டத்தில் கிறிஸ் மனிமேக்கர் என்ற ஆட்டக்காரர் எதிராளி சாமி ஃபார்ஹாவிடம் அடித்த பிளஃபையும் (வெறுங்கையோடு மிரட்டுவது) போட்டுப் பார்த்தேன். மனிமேக்கரிடம் ஸ்பேடு கிங், ஹார்ட் 7. ஃபார்ஹாவிடம் ஸ்பேடு குயின், ஹார்ட் 9. மேஜையில் 9, 2, 6, டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) 8. அந்த 2 மட்டும் டைமண்ட், மற்ற மூன்றும் ஸ்பேடு. ஃபார்ஹா பந்தயம் வைக்க, மனிமேக்கர் உயர்த்தினார். அப்போது மிச்சம் 44 சீட்டில் 17 அவருக்கு உதவும், 38.6 சதவீதம். அருமையான உயர்த்தல். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டில்) 3 வந்து எல்லாம் போச்சு, ஆனாலும் ஆல்-இன் போட்டார். இப்போது ஈக்விலேப் காட்டுவது பூஜ்யம். ஃபார்ஹாவோ ஜோடி 9-ஐ வைத்துக்கொண்டே ஃபோல்ட் செய்தார்.

எதிராளி பயப்படுவாரா என்பது ஈக்விலேப்பின் கணக்கிலேயே கிடையாது. ரிவர் பிளஃபுக்கு அதைத் திறக்கவே வேண்டாம். போடும் தொகையை, அதையும் பாட்டையும் கூட்டி வருவதால் வகுத்தால் போதும், எதிராளி எத்தனை பங்கு முறை ஃபோல்ட் ஆக வேண்டும் என்று தெரிந்துவிடும். பாட் அளவுக்கே போட்டால், பாதி முறை ஃபோல்ட் ஆக வேண்டும்.

ஃப்ளாப், டர்ன் தகராறுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயே சதவீதத்தை ஊகிக்கும் பயிற்சி ஒன்றும் இருக்கிறது, பேரன் அதில் என்னைத் தோற்கடிக்கிறான்.