டேப்பா, ரப்பர் பாலா, மெழுகா? குளிர்கால வாழ்த்து அட்டைக்கு எது தோது

தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்துமஸ் கொளுத்தும் வெயிலில் வரும். அப்போது டர்பன் கடையில் பனிமனிதன் அட்டை வாங்குவது எனக்கு எப்போதும் வேடிக்கைதான். நம் குளிர் ஜூன், ஜூலையில். பள்ளி விடுமுறையும் அதையொட்டியே வருவதால், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பாட்டிக்கும் ஜோகன்னஸ்பர்க் சித்திக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அட்டை செய்யலாம். வரைய டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரின் பனி இருக்கிறது, செக்கச்செவேலென்று பூத்த கற்றாழை இருக்கிறது.

அட்டைக்கு வண்ணம் தரும் பொடியில் இரண்டு வகை. புரூஷோ போன்ற சாயப் படிகத்தை ஈரத் தாளில் ஒரு சிட்டிகை தூவினால் போதும். டப்பாவில் கறுப்பு என்று போட்டிருக்கும். தண்ணீர் பட்டதும் உள்ளே கலந்திருக்கும் நிறங்கள் தனித்தனியே பிரிந்து ஓடும். மைக்கா பொடி அப்படியல்ல. அது கரையாது, தாளின் மேல் மினுமினுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் அரபிக் கோந்து கலக்காவிட்டால் மினுமினுப்பெல்லாம் உறைக்குள் கொட்டிவிடும். வானத்துக்குப் படிகம், பனி விளிம்புக்கு மைக்கா என்பது என் கணக்கு. இரண்டும் நுண்ணிய தூள், தூவும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். டர்பன் கோடைப் புழுக்கத்தில் படிகம் கட்டிதட்டிப் போகும், குளிர்காலத்தில் அந்தத் தொல்லை குறைவு.

உண்மையான போட்டி, வெள்ளையைக் காப்பாற்றுவதில்தான்; அதாவது, சாயம் படாமல் தாளின் வெள்ளையை அங்கங்கே மறைத்து வைப்பதில்.

மலைக்கு மாஸ்கிங் டேப்பை, அதாவது ஒட்டி உரித்தெடுக்கும் காகித டேப்பை, மிஞ்ச எதுவும் இல்லை. டிராக்கன்ஸ்பர்க் ஆம்ஃபிதியேட்டர் சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் பாறைச் சுவர். உச்சி பெரும்பாலும் தட்டை. ஐரோப்பிய அட்டையில் வரும் முக்கோணச் சிகரம் இங்கே பொருந்தாது. டேப்பை நீளவாக்கில் கையால் கிழித்து ஒட்டினால் அந்தக் கரடுமுரடான விளிம்பு தானாக வந்துவிடும். ஒட்டுமுன் உடுப்பில் ஒரு தடவை ஒட்டி எடுத்தால் பசை குறையும், தாள் உரியாது. அப்புறம் விளிம்பைக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் சாயம் அடியில் கசியும்.

கற்றாழைக்கு டேப் உதவாது. கதிர் முழுக்கச் சின்னச் சின்னக் குழல் மொட்டுகள்; அங்கே மாஸ்கிங் ஃப்ளூயிட் எனும் ரப்பர் பால்தான். பல்குச்சியால் புள்ளிபுள்ளியாக வைத்து, காய்ந்ததும் வானத்தைத் தூவி, தாள் முழுக்க உலர்ந்தபின் விரலால் உருட்டி எடுத்தால் ஒவ்வொரு மொட்டும் வெள்ளையாக நிற்கும், ஆரஞ்சு பூசலாம். தூரிகை வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் சோப்பில் தோய்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மயிர் ஒட்டிப் பாழாகும். ஹேர் டிரையர் வேண்டாம், சூட்டில் ரப்பர் தாளோடு இறுகிவிடும். நாள்கணக்கில் விட்டு வைத்தாலும் அதே கதி. 300 ஜிஎஸ்எம் எனப்படும் தடித்த வாட்டர்கலர் தாள் தாங்கும். மலிவான தாள் தோலோடு வரும். அமோனியா வாடை வேறு, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மெழுகுவத்தி மலிவு, அவ்வளவுதான் அதன் பெருமை என்று சொல்லலாம். ஆனால் தாளின் மேடுகளில் மட்டும் பிடித்துத் திட்டுத்திட்டாக விழும் வெள்ளை, பாறை மேல் கிடக்கும் அரைகுறைப் பனியை அச்சாகக் காட்டும். வெள்ளைத் தாளில் எங்கே தேய்த்தோம் என்று தெரியாது, சாய்த்துப் பார்க்க வேண்டும். திரும்ப எடுக்கவும் முடியாது. பெயர் எழுத லாயக்கில்லை. சின்னப் பிள்ளைகள் கையில் மட்டும் இதைத்தான் கொடுப்பேன். ஏனென்றால் ரப்பர் பால் துணியில் பட்டால் போகவே போகாது.